மலையில் பாறை, சமவெளியில் எண்ணெய்: ஆர்க்டிக் நிலவியலாளர் என்னதான் செய்கிறார்?

அலாஸ்காவின் வடக்குக் கடற்கரையில் ப்ரூடோ பே என்ற எண்ணெய் வயல் இருக்கிறது. 1968இல் அதைக் கண்டுபிடித்தபோது மண்ணுக்கடியில் சுமார் 2,500 கோடி பீப்பாய் எண்ணெய் இருந்ததாகக் கணக்கு. அமெரிக்காவில் அவ்வளவு பெரிய வயல் அதற்கு முன்பு கிடைத்ததில்லை. ஆனால் அந்த இடத்தில் போய் நின்றால் ஒரு பாறைகூடக் கண்ணில் படாது. கோடையில் போனால் புல்லும் பாசியும் குட்டைகளுமாக ஈரநிலம். குளிர்காலத்தில் போனால் வெறும் வெள்ளை. எண்ணெய் இருக்கும் பாறையோ சுமார் 2,600 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது.

அப்படியானால் எதைப் பார்த்து அங்கே துளையிட்டார்கள்?

அங்கிருந்து தென்கிழக்கே சுமார் 150 கிலோமீட்டர் போனால் சாட்லரோச்சிட் மலைகள் வரும். ப்ரூடோ பேயில் ஆழத்தில் புதைந்திருக்கும் அதே அடுக்குகள் அங்கே நில அசைவால் மேலே தள்ளப்பட்டு, வெயிலில் காய்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றை நடந்து பார்க்கலாம், சுத்தியலால் உடைக்கலாம், பையில் போட்டு எடுத்து வரலாம். மலையில் பார்த்ததை வைத்து சமவெளிக்கு அடியில் என்ன இருக்கும் என்று ஊகிப்பதுதான் ஆர்க்டிக்கில் எண்ணெய் தேடும் நிலவியலாளரின் வேலை. ஹெலிகாப்டர், கரடி, மைனஸ் 40 டிகிரி குளிர் எல்லாம் அந்த ஊகத்தைச் சரியாகச் செய்வதற்காகப் படும் பாடு.

முதலில், எண்ணெய் எப்படிச் சேர்கிறது

நிலத்தடியில் எண்ணெய் ஏரி போலத் தேங்கியிருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். காய்ந்த செங்கல்லை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். குமிழி விட்டபடி நீரைக் குடிக்கும். எடுத்துப் பார்த்தால் செங்கல் செங்கல்லாகத்தான் இருக்கும், எடை மட்டும் கூடியிருக்கும். எண்ணெயும் இப்படித்தான் மணற்கல்லின் துகள்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் தங்கியிருக்கிறது. ப்ரூடோ பே மணற்கல்லில் இந்த இடைவெளி மொத்தக் கன அளவில் 20 சதவீதத்துக்கு மேல். எண்ணெய்க்காரர்களுக்கு இது அருமையான பாறை. இடைவெளி இருந்தால் மட்டும் போதாது, ஒன்றோடொன்று தொடர்பும் வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருப்பது வெளியே வராது. இப்படிப்பட்ட பாறையைத் தேக்கப் பாறை என்கிறார்கள்.

எண்ணெய் உருவாவது வேறு பாறையில். கடலில் வாழும் நுண்பாசிகளும் நுண்ணுயிர்களும் செத்து அடியில் படிகின்றன. அங்கே ஆக்சிஜன் இல்லாத சேறு இருந்தால் அவை மட்காமல் புதைகின்றன. மேலே மேலே வண்டல் சேரச் சேர அந்தச் சேறு ஆழத்துக்குப் போய்ச் சூடேறிக் கருநிறக் களிப்பாறையாகிறது. ஏறத்தாழ 60 முதல் 120 டிகிரி வரையிலான வெப்பத்தில் பல லட்சம் ஆண்டுகள் இருந்தால் எண்ணெய் உருவாகும். அதற்கு மேல் சூடேறினால் வாயுதான் மிஞ்சும். இது மூலப் பாறை.

எண்ணெய் நீரைவிட லேசானது. அதனால் பாறைகளின் ஈரத்தினூடே மேல்நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். வழியில் எதுவும் தடுக்காவிட்டால் தரைக்கே வந்து கசிந்து வீணாகிவிடும். அதைத் தடுக்க மேலே இறுக்கமான களிப்பாறை மூடி வேண்டும். மூடி இருந்தாலும் அடுக்கு தட்டையாக இருந்தால் எண்ணெய் பக்கவாட்டில் நழுவிப் போய்விடும். ஆகவே மேல்நோக்கி வளைந்தோ, ஒரு பக்கம் அடைபட்டோ அது சிக்கிக்கொள்ளும் வடிவம் வேண்டும். அதற்குப் பொறி என்று பெயர்.

இன்னொன்று, பலரும் மறந்துவிடுவது: நேரம். எண்ணெய் நகர்ந்து வருவதற்கு முன்பே பொறி தயாராகியிருக்க வேண்டும்; வந்த பிறகும் அது உடையாமல், சாயாமல் இருக்க வேண்டும்.

இதில் கணக்கும் இருக்கிறது. மூலம், தேக்கம், மூடியோடு கூடிய பொறி, நேரம் ஆகிய நான்கும் ஒவ்வொன்றும் 70 சதவீதம் சரியாக இருக்கும் என்று நம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கும் ஒருசேர அமைய 0.7ஐ நான்கு முறை பெருக்க வேண்டும். வருவது 24 சதவீதம். அதாவது நல்ல நம்பிக்கையோடு தோண்டும் நான்கு கிணறுகளில் மூன்று வறண்டு போகலாம். ஆர்க்டிக்கில் ஒவ்வொரு கிணற்றுக்கும் பல கோடி டாலர் ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 70ஐ 80 ஆக்கும் ஒரு கோடைக்காலக் கள ஆய்வு எவ்வளவு மலிவு என்று புரியும்.

எண்ணெய் தேடாமலே எண்ணெய்ப் பாறைக்குப் பெயர் வைத்தவர்

எர்னஸ்ட் டி கோவன் லெஃபிங்வெல் 1906இல் ஒரு துருவப் பயணக் குழுவோடு அலாஸ்காவின் வடக்குக் கரைக்கு வந்தார். வடக்கே பனிக்கடலில் புதிய நிலம் இருக்கிறதா என்று தேடுவதுதான் அந்தப் பயணத்தின் நோக்கம். நிலம் கிடைக்கவில்லை. அவர்கள் வந்த டச்சஸ் ஆஃப் பெட்ஃபோர்டு என்ற கப்பலும் பனியில் சிக்கிப் பாழானது. கப்பலின் மரத்தைப் பிரித்து ஃப்ளாக்ஸ்மன் தீவில் ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். லெஃபிங்வெல்லுக்கு அந்த இடம் பிடித்துப்போய்விட்டது. 1914 வரை போவதும் வருவதுமாக 9 கோடைகளையும் 6 குளிர்காலங்களையும் அங்கேயே கழித்தார். நாய் வண்டியிலும் சிறு படகிலும் சுற்றி, அந்தக் கரையின் பூர்வகுடிகளான இனுப்பியட் மக்களின் துணையோடு கேனிங் ஆற்றுப் பகுதியை வரைபடமாக்கினார். செலவில் பெரும்பகுதி குடும்பப் பணம்.

அவருடைய அறிக்கையை அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 1919இல் வெளியிட்டது. மலையில் தான் கண்ட அடுக்குகளுக்கு அதில் பெயர் வைத்தார். ஒரு மணற்கல்லுக்கு சாட்லரோச்சிட். அதற்கு மேலே இருந்த கருஞ்சுண்ணமும் களியும் கலந்த அடுக்குக்கு ஷுப்லிக். அதற்கும் மேலே இருந்த கருங்களிப் பாறைக்கு கிங்காக்.

அரை நூற்றாண்டு கழித்து ப்ரூடோ பேயில் எண்ணெய் கிடைத்தபோது, தேக்கப் பாறையாக இருந்தது சாட்லரோச்சிட் தொகுதியைச் சேர்ந்த இவிஷாக் மணற்கல். எண்ணெய் தந்த மூலப் பாறைகளில் முக்கியமான இரண்டு, ஷுப்லிக்கும் கிங்காக்கும். சாட்லரோச்சிட், ஷுப்லிக், கிங்காக் மூன்றும் அவர் சூட்டிய பெயர்கள். லெஃபிங்வெல் 1971 வரை, 96 வயது வரை, உயிரோடு இருந்தார். அதனால் இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் போனார். உறைநிலத்துக்குள் ஆப்பு வடிவில் பனிக்கட்டி எப்படி வளர்கிறது என்று அவர் சொன்ன விளக்கம் இன்றும் செல்லுபடியாகிறது. உறைநில ஆய்வாளர்கள் அவரைத் தங்கள் ஆளாகத்தான் கருதுகிறார்கள்.

எண்ணெய் இருக்கிறது என்பது இனுப்பியட் மக்களுக்கு இதற்கெல்லாம் முன்பே தெரியும். கேப் சிம்ப்சன் என்ற இடத்தில் எண்ணெய் தரைக்கே வந்து கசிந்து கெட்டித் தாராகக் கிடந்தது. அதை வெட்டி எடுத்து எரிபொருளாகப் பயன்படுத்தினார்கள். அப்படிப்பட்ட கசிவுகளை நம்பித்தான் அமெரிக்க அரசு 1923இல் கடற்படைக்காக ஒரு பெரும் நிலப்பரப்பை ஒதுக்கியது. 1944 முதல் 1953 வரை கடற்படை அங்கே துளையிட்டது. உமியாட் என்ற இடத்தில் எண்ணெய் கிடைத்தது, ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவந்து விற்கக் கட்டுப்படியாகும் அளவுக்கு இல்லை.

கோடையில் மலை

களப்பருவம் குறுகியது. ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை, கிடைத்தால் செப்டம்பர் முதல் வாரம். முதல் சில வாரங்கள் சூரியன் மறையவே மறையாது, அதனால் எப்போது வேலையை நிறுத்துவது என்பதை நீங்களே முடிவுசெய்ய வேண்டும். இளையவர்கள் முதல் வாரத்திலேயே உடம்பைக் கெடுத்துக்கொள்வது இதனால்தான். கடற்கரைப் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் ஹெலிகாப்டர் கிளம்பாது. கூடாரத்தில் உட்கார்ந்து குறிப்பேட்டைத் துப்புரவாக எழுதுவதோடு அன்றைய நாள் முடிந்துவிடும். ஜூலையிலும் பனி பெய்யலாம். பெய்யாத நாளில் கொசு. ஆர்க்டிக்கில் கொசுவா என்று நம் ஊர்க்காரர்கள் கேட்பார்கள். உருகிய நீர் வடிய வழியின்றி மேலேயே தேங்கும் நிலத்தில் கொசுவுக்குக் கேட்கவா வேண்டும்? மலைப்பக்கம் பழுப்புக் கரடி, கரைப்பக்கம் வெண்கரடி. அதனால் குழுவில் ஒருவராவது துப்பாக்கியோடு போவார். தனியாக யாரும் போவதில்லை.

கருவிகள் ரொம்ப எளிமையானவை. சுத்தியல், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், நீர்த்த அமிலம் ஒரு சிறு குப்பி, திசைகாட்டி, துணிப்பைகள், அப்புறம் 1.5 மீட்டர் நீளக் கம்பு ஒன்று. திசைகாட்டியைக் கவனமாகத் திருத்தி வைக்க வேண்டும். அந்த அட்சரேகையில் காந்த ஊசி உண்மையான வடக்கிலிருந்து பல டிகிரி விலகி நிற்கும்.

கம்பு எதற்கு? ஒரு மலைச்சரிவில் அடுக்கு அடுக்காகப் பாறை தெரிகிறது என்றால், கீழிருந்து மேலே ஒவ்வொரு 1.5 மீட்டராக அளந்துகொண்டே ஏற வேண்டும். ஒவ்வோர் அடியிலும் என்ன பாறை, துகள் எவ்வளவு பெரிது, என்ன நிறம், தொல்லுயிர் எச்சம் உண்டா, அலைத் தடம் உண்டா என்று எழுத வேண்டும். 300 மீட்டர் தடிமனுள்ள ஓர் அடுக்கை இப்படி அளக்கச் சில நாள்கள் பிடிக்கும். பார்க்கிறவர்களுக்குச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்தத் தொழிலில் மற்ற எல்லாமே இந்த எழுத்தின் மேல்தான் நிற்கிறது.

பாறையைச் சுத்தியலால் உடைத்ததும் அனுபவசாலிகள் செய்யும் முதல் காரியம், மூக்கருகே கொண்டுபோய் முகர்வது. புதிதாக உடைந்த பரப்பில் மண்ணெண்ணெய் வாடை வந்தால் அதன் வழியாக எண்ணெய் போயிருக்கிறது என்று அர்த்தம். அமிலத்தைச் சொட்டினால் சுண்ணம் நுரைக்கும். புற ஊதா விளக்கில் காட்டினால் எண்ணெய்ப் படிந்த துகள் மஞ்சளாகவோ நீலமாகவோ ஒளிரும்.

ஆய்வகத்துக்குப் போன பிறகு நடப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது கோனோடாண்ட் கதை. இவை அழிந்துபோன ஒரு கடல்வாழ் உயிரின் பற்கள் போன்ற பகுதிகள். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. சுண்ணாம்புக்கல்லை அமிலத்தில் கரைத்தால் இவை மட்டும் மிஞ்சும். சூடுபடாத கோனோடாண்ட் வெளிர்மஞ்சளாக இருக்கும். பாறை சூடேற ஏற அது பழுப்பாகி, பிறகு கறுத்துவிடும். இந்த நிறமாற்றத்தை வெப்பத்தோடு இணைத்து அளவுகோலாக்கிய ஆய்வை அனிதா எப்ஸ்டீனும் அவருடைய சகாக்களும் 1977இல் வெளியிட்டார்கள். அதிலிருந்து, ஒரு பாறை எண்ணெய் உருவாகும் சூட்டைத் தொட்டதா, கடந்துவிட்டதா என்று பல்லின் நிறத்தைப் பார்த்தே சொல்லலாம். கோனோடாண்ட் கறுப்பாக இருக்கும் இடத்தில் எண்ணெய் தேடிப் பணத்தைக் கொட்டுவதில் பொருளில்லை.

இல்லாத நிலத்திலிருந்து ஓடிவந்த ஆறுகள்

மலையில் பார்த்தது 150 கிலோமீட்டர் தள்ளி, ஆழத்தில், அப்படியே இருக்குமா? இருக்காது. இந்தச் சிக்கல்தான் வேலையின் சாரம்.

சாட்லரோச்சிட் மலையில் இந்த மணற்கல்லை எடுத்துப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். சிலிக்கா படிந்து துகள்களுக்கிடையே இருந்த வெளியையெல்லாம் அடைத்துவிட்டது. சுத்தியல் பட்டால் கணீர் என்று ஒலிக்கும் கெட்டிக்கல். இதையா தேக்கப் பாறை என்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் துகள்களைக் கவனித்தால் வேறு கதை வருகிறது. வடக்கே போகப் போக இந்த அடுக்கில் துகள் பெரிதாகிறது, கூழாங்கற்கள் வருகின்றன. ஆறு தன் தொடக்கத்துக்கு அருகில்தான் பெரிய கல்லைப் போடும். தூரம் போகப் போக மணல், அப்புறம் களி. ஆக, சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஆறுகள் வடக்கிலிருந்து தெற்கே ஓடின. இன்று வடக்கே இருப்பது ஆர்க்டிக் பெருங்கடல். அன்று அங்கே நிலம் இருந்தது. பின்னால் கடல் திறந்தபோது அது விலகிப் போய்விட்டது.

இதை எண்ணெய்த் தேடலுக்கு மொழிபெயர்த்தால்: வடக்கே, கரையை ஒட்டி, இதே அடுக்கு பருமணலாகவும் கூழாங்கல்லாகவும், நல்ல இடைவெளிகளோடு இருக்க வாய்ப்பு உண்டு. கடல் திறந்தபோது கரையோரமாக நிலம் மேடாக எழுந்ததும் கைகொடுத்தது. மேட்டின் தலை அரித்துத் தள்ளப்பட, சாய்ந்த மணற்கல்லின் வெட்டுமுனைமேல் புதிய களிப்பாறை மூடியாக உட்கார்ந்தது. பிறகு தெற்கே புரூக்ஸ் மலைத்தொடர் எழுந்து, அதன் வண்டல் வடக்கே கொட்டி, மூலப் பாறைகளை ஆழத்தில் அழுத்திச் சூடாக்கியது. எண்ணெய் பிறந்து மேட்டை நோக்கி ஏறியபோது பொறி அங்கே தயாராகக் காத்திருந்தது.

இப்போது இதைச் சில வரிகளில் சொல்லிவிட முடிகிறது. 1960களில் இது துண்டு துண்டாகத்தான் தெரியும். ரிச்ஃபீல்டு நிறுவனத்துக்காக மலையடிவாரத்தில் வேலை செய்த கில் மல் போன்ற இளம் நிலவியலாளர்கள் எண்ணெய் ஊறிய மணற்கல்லைக் கண்டு அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினார்கள். மாநில அரசில் இருந்த டாம் மார்ஷல் என்ற நிலவியலாளர், அலாஸ்கா தனக்குரிய நிலங்களைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த உறைந்த கரையை எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். பனிப்பாலைவனத்தை எதற்கு எடுக்கிறாய் என்று கேட்டவர்கள் உண்டு.

1965இல் குத்தகை ஏலம் நடந்தது. மேட்டின் உச்சியை ரிச்ஃபீல்டும் ஹம்பிள் என்ற இன்னொரு எண்ணெய் நிறுவனமும் அதிக விலை கொடுத்து எடுத்தன. பிரிட்டிஷ் பெட்ரோலியத்துக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சரிவுகள். தோண்டிப் பார்த்த பிறகு தெரிந்தது, உச்சியில் நிறைந்திருந்தது வாயு. எண்ணெயில் பாதிக்கு மேல் அந்தச் சரிவுகளின் அடியில். ஏலத்தில் தோற்றவர்களுக்கு இதைவிட நல்ல ஆறுதல் பரிசு கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ப்ரூடோ பேயில் தோண்டுவதற்கு முன் தனியார் நிறுவனங்கள் தோண்டிய கிணறுகள் வரிசையாக வறண்டன. கரைக்குத் தெற்கே சுமார் 100 கிலோமீட்டரில் தோண்டிய சூசி என்ற கிணறும் அப்படியே. அங்கே துளையிட்ட அதே ரிக்கை, அதாவது துளையிடும் கோபுர இயந்திரத்தை, பனியின் மேல் இழுத்துக்கொண்டு போய்க் கரையில் நிறுத்தி, 1967 ஏப்ரலில் ப்ரூடோ பே ஸ்டேட் 1 கிணற்றைத் தொடங்கினார்கள். கோடையில் தரை இளகியதால் நிறுத்திவிட்டு நவம்பரில் மறுபடியும் தொடர்ந்தார்கள். டிசம்பர் கடைசியில் வாயு பீறிட்டது. 1968இன் தொடக்க மாதங்களில் எண்ணெய். 11 கிலோமீட்டர் தள்ளித் தோண்டிய இரண்டாவது கிணற்றிலும் அதே பாறை, அதே எண்ணெய். ஒரு கிணறு தற்செயலாக இருக்கலாம். இரண்டாவது அகப்பட்டதும்தான் வயலின் அளவு உறைத்தது. 1969 செப்டம்பரில் மாநிலம் நடத்திய ஏலத்தில் ஒரே நாளில் வந்த தொகை சுமார் 90 கோடி டாலர்.

குளிர்காலத்தில் சமவெளி

மலை வேலை கோடையில் என்றால் சமவெளி வேலை குளிர்காலத்தில். நேர் எதிராகத் தோன்றும். காரணம் உறைநிலம். ப்ரூடோ பேயில் தரை சுமார் 600 மீட்டர் ஆழம்வரை நிரந்தரமாக உறைந்து கிடக்கிறது. கோடையில் மேலே கொஞ்சம் மட்டும் இளகிச் சேறாகும். அதன்மேல் ஒரு கனரக வண்டி போனால் பாசிப்போர்வை கிழிந்து, கீழே உள்ள பனி உருகி, தடம் பள்ளமாகிவிடும். 1940களில் கடற்படை வண்டிகள் போன தடங்கள் பல பத்தாண்டுகள் அழியாமல் இருந்தன. அதனால் இப்போது தரை போதுமான ஆழம் உறைந்து, மேலே போதுமான பனி சேர்ந்த பிறகுதான் வண்டிகளுக்கு அனுமதி. ஏரித் தண்ணீரைத் தெளித்துப் பனிச்சாலை போடுவார்கள். வசந்தத்தில் அது தானாக உருகிப் போய்விடும்.

அந்தச் சாலைகளில் நில அதிர்வு ஆய்வு வண்டிகள் போகும். ஒரு தட்டைத் தரையில் அழுத்தி அதிரவைத்து, ஆழத்து அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலைகளைப் பதிவுசெய்வார்கள். அலை போய்த் திரும்ப எவ்வளவு நேரமானது என்பதிலிருந்து ஆழம் கணக்கிடப்படும். இங்கேயும் உறைநிலம் விளையாடும். உறைந்த மண்ணில் ஒலி வேகமாகப் போகும், இளகிய மண்ணில் மெதுவாக. அடிவரை உறையாத ஆழமான ஏரி ஒன்று மேலே இருந்தால் அதன் கீழே மண் இளகியிருக்கும். அந்த இடத்தில் அலை தாமதமாகத் திரும்பும். படத்தில் ஆழத்து அடுக்கு பள்ளமாகத் தெரியும். ஆக, பள்ளத்துக்கு இரு பக்கமும் இல்லாத மேடு உருவாகும். மேட்டைத் தேடுகிறவருக்கு அந்தப் பொய்மேடு எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. ஏரிகளின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அதிர்வுப் படத்தைப் படிக்க வேண்டும்.

ரிக் நிற்கும் இடத்திலும் ஒரு நிலவியலாளர் இருப்பார், 12 மணி நேர வேலை. துளையிடும்போது குழாய் வழியாக உள்ளே செலுத்தும் சேற்றுக்கலவை, நொறுங்கிய பாறைத் துகள்களை மேலே கொண்டுவரும். அதைக் கழுவி நுண்ணோக்கியில் பார்த்து, புற ஊதாவில் காட்டி, எந்த அடுக்குக்குள் இருக்கிறோம் என்று சொல்வது அவர் பொறுப்பு. கையில் இருக்கும் துகள் இப்போது வெட்டுவதல்ல. ஆழத்திலிருந்து மேலே வர ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகியிருக்கும். அந்தத் தாமதத்தை மனக்கணக்கில் வைத்துக்கொண்டே, “நிறுத்துங்கள், இங்கே முழுத்துண்டாக மாதிரி எடுக்க வேண்டும்” என்று சொல்லும் நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால் வெறும் களியைத் துண்டாக எடுப்பார்கள், தாமதித்தால் தேக்கப் பாறையின் மேல்பகுதி நொறுங்கிப் போயிருக்கும். ப்ரூடோ பேயின் முதல் கிணற்றில் இந்த நாற்காலியில் இருந்தவர் கில் மல். மலையில் தான் பார்த்த பாறையையே துகளாகக் கையில் வாங்கிப் பார்க்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்பதும் வேலையின் ஒரு பகுதி. அலாஸ்காவில் கிணற்றுத் தரவுகள் பொதுவாக 24 மாதம் ரகசியமாக இருக்கலாம். காக்டோவிக் என்ற கரையோர ஊருக்கு அருகே 1986இல் தோண்டி முடித்த கேஐசி-1 கிணற்றின் முடிவோ இன்றுவரை அதிகாரபூர்வமாக வெளியாகவில்லை. பக்கத்து வனவிலங்குக் காப்பகத்தில் எண்ணெய் எடுக்கலாமா கூடாதா என்ற சண்டை பல பத்தாண்டுகளாக இந்த மௌனத்தைச் சுற்றியே நடந்துகொண்டிருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தும் வறண்டது

1983. கரையிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, போஃபர்ட் கடலில் சரளைக்கல் கொட்டிச் செயற்கைத் தீவு ஒன்று கட்டி, சோஹியோ நிறுவனமும் கூட்டாளிகளும் முக்லுக் என்ற கிணற்றைத் தோண்டினார்கள். பெரிய மேடு. அதே சாட்லரோச்சிட் மணற்கல். இன்னொரு ப்ரூடோ பே என்றே எல்லோரும் நம்பினார்கள். குத்தகையையும் சேர்த்தால் செலவு 150 கோடி டாலருக்கு மேல்.

வந்தது உப்புத் தண்ணீர். ஆனால் மணற்கல்லில் எண்ணெய்க் கறை இருந்தது. ஒரு காலத்தில் அந்தப் பொறி நிரம்பியிருந்திருக்கிறது. பிற்பாடு மூடி கசிந்தோ, அடுக்கு சாய்ந்தோ எல்லாம் வெளியேறிவிட்டது. இடம் சரி, 3 கோடி ஆண்டு தாமதமாக வந்துவிட்டோம் என்ற பொருளில் அந்த நிறுவனத்தின் உற்பத்திப் பிரிவுத் தலைவர் சொன்னதை எண்ணெய்த் துறையில் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். முன்னே சொன்ன நான்கில் மூன்று நூற்றுக்கு நூறு. நான்காவது, நேரம், பூஜ்யம். பெருக்கினால் பூஜ்யம்தானே.

கடலுக்குள் போனால் செலவும் ஆபத்தும் இன்னும் ஏறும். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 2008இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இன்னும் கண்டுபிடிக்கப்படாமல் சுமார் 9,000 கோடி பீப்பாய் எண்ணெய் இருக்கலாம். எண்ணெயும் வாயுவுமாகச் சேர்த்தால் 84 சதவீதம் கடலுக்கடியில். இந்த எண்ணை வைத்துக்கொண்டு பலர் கனவு கண்டார்கள். 2015இல் ஷெல் சுமார் 700 கோடி டாலர் செலவழித்த பிறகு சுக்சி கடலை விட்டே வெளியேறியது. “இருக்கலாம்” என்ற சொல்லுக்கு உள்ளே எத்தனை பெருக்கல் கணக்குகள் ஒளிந்திருக்கின்றன என்று செய்தித்தாள்கள் எழுதுவதில்லை.

இதில் வேலைக்குப் போவது என்றால்

பொதுவான பாதை: நிலவியலில் இளங்கலை, கள முகாம், பிறகு முதுகலை. முதல் ஆர்க்டிக் கோடை பெரும்பாலும் யாராவது மூத்தவரின் உதவியாளராக, மாதிரிப் பைகளைச் சுமந்து. நிறுவனத்தில் சேர்ந்தால் ஆண்டில் பெரும்பகுதி கணினி முன்தான் போகும். மலைக்குப் போவது சில வாரங்கள். அரசின் நிலவியல் ஆய்வுத் துறைக்குப் போனால் சம்பளம் குறைவு, களம் அதிகம். கண்டதைப் பிரசுரிக்கவும் முடியும்.

எண்ணெய் விலையோடு சேர்ந்து ஏறி இறங்கும் தொழில் இது. 1986இல் விலை சரிந்தபோதும் 2015ஐ ஒட்டிச் சரிந்தபோதும் ஏராளமான நிலவியலாளர்கள் வேலை இழந்தார்கள். இந்த வயல்களின் எண்ணெயைத் தெற்கே கொண்டுபோகும் அலாஸ்காக் குழாயில் 1988இல் ஒரு நாளைக்கு 20 லட்சம் பீப்பாய் ஓடியது. சமீப ஆண்டுகளில் 5 லட்சத்துக்கும் கீழே. எரிக்கும் எண்ணெய் வெப்பத்தைக் கூட்டுகிறது, வெப்பம் குழாயைத் தாங்கும் உறைநிலத்தையே இளக்குகிறது. இதை மனதில் வைத்து இந்தத் துறைக்குள் வராமல் விலகுகிறவர்கள் இருக்கிறார்கள், அது நியாயமான முடிவுதான். அதே பாறைப் படிப்போடு நிலச்சரிவு ஆய்வுக்கும், கார்பனை ஆழத்தில் சேமிக்கும் திட்டங்களுக்கும் போகிறவர்களும் உண்டு. தேக்கப் பாறை, மூடி, பொறி என்ற கணக்கு அங்கேயும் அதேதான்.

இங்கே எல்லாம் கண்டுபிடித்து முடிந்துவிட்டது என்று நினைத்தவர்களுக்கு நானுஷுக் மணற்கல் ஒரு பதில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆற்றோரப் பாறைகளில் பார்த்துப் பெயர் வைத்தது. உமியாட்டின் எண்ணெய் இதில்தான் இருந்தது. ஆனாலும் ப்ரூடோ பேக்குப் பிறகு எல்லோரும் ஆழமான மேடுகளையே தேடியதால், பல பத்தாண்டுகள் இந்த அடுக்கைத் துளைத்துக்கொண்டு கீழே போனார்கள். இதில் எண்ணெய் மேட்டில் சிக்கவில்லை. பழைய கழிமுக மணல் பக்கவாட்டில் களியாக மாறும் இடங்களில் சிக்கியிருந்தது. அதிர்வுப் படத்தில் அது சட்டென்று தெரியாது. 2013இல் பிக்கா, அதன்பின் வில்லோ, ஹார்ஸ்ஷூ என்று வரிசையாகக் கண்டுபிடிப்புகள் வந்தன.

மலைக்குப் போக முடியாதவர்கள் ஆங்கரேஜ் போகலாம். மாநிலத்தின் பாறை மாதிரிக் கிடங்கு அங்கே இருக்கிறது. முன்பு மொத்த விலைக் கடையாக இருந்த ஒரு பெரிய கட்டடத்தில், அடுக்கு அடுக்கான அலமாரிகளில், ஏராளமான கிணறுகளின் துகள்களும் முழுத்துண்டு மாதிரிகளும் பெட்டி பெட்டியாக வைக்கப்பட்டிருக்கின்றன. ரகசியக் காலம் முடிந்தவற்றை மாணவர்களும் எடுத்துப் பார்க்கலாம், முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் மேசை போட்டு வைப்பார்கள்.